எடைமேடையில் புரட்டாசி

காற்று நின்றுவிட்டது.
நேற்று மத்தியானம் வரைக்கும்
கணவாய் வழியே மேற்கிலிருந்து வந்து
என் கூரைத் தகரத்தோடு வாயாடிக்கொண்டிருந்தது.
இன்று காலை பூட்டைத் திறக்கிறேன்,
தகரம் ஒன்றுமே சொல்லவில்லை.

கோபாலபுரம் சோதனைச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால்
அறுபது டன் எடைமேடை.
ஓரத்தில் எட்டுக்கு எட்டு அறை.
மேசை, ஃபேன், சிவப்பு எண்கள் எரியும் பெட்டி,
அப்புறம் நான், துளசிமணி,
ரசீது போடுகிறவள்.

சித்திரையில் மேடை இரும்பை
நாய்கூட ஓடித்தான் தாண்டும்.
முதலமடை மாங்காய் லாரிகள்
எடை போடுமுன்னே மணந்துவிடும்.
ஷிபு ஒவ்வொரு நடைக்கும்
ரெண்டு காய் வைத்துவிட்டுப் போவான், சேச்சிக்கு என்று.
இருபத்தோரு டன்னில் ரெண்டு காய்
யார் கணக்கிலும் வராது.
மேசை டிராயரில் ரப்பர் ஸ்டாம்ப் பக்கத்தில்
மிளகாய்த்தூள் டப்பா இருக்கிறது,
அதுவும் ஆபீஸ் சாமான்தான்.

ஆடியில் வேறு தொல்லை.
மேடையில் ஒரு ஈ, காக்கை இருக்காது,
பெட்டி பத்து என்று காட்டும்.
இருபது. பூஜ்யம். மறுபடி பத்து.
முதலாளி நாச்சிமுத்து மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்.
அவன் மேடைக்கு அடியில் புகுந்து
அரைமணி நேரம் கழித்து எழுந்து வந்து
"காத்துங்கக்கா" என்றான்.
அதற்கு ஐநூறு ரூபாய்.

அன்று சாயங்காலம்
யாருக்கும் தெரியாமல் ஒரு ரசீது போட்டேன்.
சரக்கு: காற்று.
வண்டி எண்: இல்லை.
புறப்பட்ட இடம்: பாலக்காடு.
நிகர எடை: இருபது கிலோ.
மேசைக் கண்ணாடிக்கு அடியில் இன்னும் இருக்கிறது.
முதலாளி பார்த்தார்,
கட்டணம் வாங்கினாயா என்று மட்டும் கேட்டார்.

ஆவணியில் ஓணத்துக்குப் பூ போயிற்று.
லாரி பிதுங்கப் பிதுங்கச் செண்டுமல்லி,
எடை என்னவோ நாலு டன்னைத் தாண்டவில்லை.
சிந்தினதைக் கூட்டி அள்ளி
ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு போனால்
வாசலில் கிட்டுசாமி,
"எந்தக் கோயிலைக் கொள்ளையடிச்சே?"
பக்கத்து வீட்டு எருமை பாதியைத் தின்றது.
மீதியில் ஒரு கோலம் போட்டேன்,
வட்டமாக வரவில்லை, அழகாக இருந்தது.

இப்போது புரட்டாசி.
இந்தப் பக்கம் கறி கிடையாது.
அந்தப் பக்கத்துக்கு விரதம் தெரியாததால்
கோழி லாரிகள் நேரே எல்லைக்குப் போகின்றன,
ஒவ்வொரு கூண்டிலிருந்தும்
என்னை ஒரு கண் பார்த்துக்கொண்டே.
கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைக்கிறேன்.
வேறென்ன செய்ய?

பத்தரை மணிக்கு வண்டி ஏதும் இல்லை.
ஜமீலா கடையிலிருந்து டீ வந்தது.
சாவடியைத் தாண்டினால் அதே தண்ணி சாயா ஆகி
ரெண்டு ரூபாய் கூடிவிடும்.
தட்டான்கள் முழங்கால் உயரத்தில் பறந்தன.
பெட்டியில் பூஜ்யம்,
அசையாத, உறங்குகிற பூஜ்யம்.

பங்குனியில் ஒரு தரம் ஏறியிருக்கிறேன்.
இந்த மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்,
அன்று அறுபது.
இன்று டீ கிளாஸோடு நடுவில் போய் நின்று
ஓரமாகப் பல் தேய்த்துக்கொண்டிருந்த கிளீனர் பையனைக் கேட்டேன்,
கண்ணாடி வழியே பார்த்துச் சொல்லு சாமி.
துப்பிவிட்டுக் கத்தினான்,
"எழுபது, சேச்சீ!"

காற்றின் மேல் பழிபோடலாமென்றால்
காற்று இல்லை.
கிளாஸைக் கீழே வைத்துவிட்டு
மறுபடி ஏறினேன். செருப்பைக் கழற்றினேன்.
சாவிக்கொத்தைப் பையனிடம் எறிந்தேன்.
"எழுபது!"
சிரித்த சிரிப்பில் எண் துள்ளியிருக்கவேண்டும்,
பையன் அதையும் பார்த்து
"எண்பது! இல்லெ, எழுபது!" என்றான்.

பின்னால் ஹாரன்.
வைக்கோல் லாரி,
தலைமேல் நீலத் தார்ப்பாய்,
இந்த வருஷத்தின் முதல் தார்ப்பாய்.
"எறங்குங்கக்கா, நானும் நிக்கோணுமல்லோ."
மழை எங்கீங்க என்றேன், செருப்பைத் தேடிக்கொண்டே.

"உடுமலை தாண்டிருச்சுங்க.
எம் பொறத்தாலயேதான் வருது."